எந்தத் தலைப்புக்கு எந்த டேக்?

எச்.டி.எம்.எல். மொழியில் தலைப்புகளுக்கென்று எச்1 முதல் எச்6 வரை ஆறு டேக்குகள் இருக்கின்றன. அந்த மொழியை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வெளியிட்ட முதல் டேக் பட்டியலிலேயே இந்த ஆறும் உண்டு. டேக்கில் உள்ள எண் எழுத்தின் அளவைச் சொல்வதில்லை. தலைப்பு எந்தப் படியில் நிற்கிறது என்பதையே சொல்கிறது. எச்1 பக்கத்தின் பெயர், எச்2 அதன் பெரும்பிரிவு, எச்3 அந்தப் பிரிவுக்குள் வரும் உட்பிரிவு. பிரவுசர் எச்1-ஐப் பெரிதாகவும் எச்6-ஐப் பொடியாகவும் காட்டுவதால், எழுத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவுமே இவை இருக்கின்றன என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு எண்ணத்திலிருந்து பிறந்தவை.

திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டியில் சாலை திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று நான்கு பக்கமும் பிரிகிறது. வெளியூர் ஓட்டுநர் பெயர்ப்பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் சாலையில் திரும்பிவிடுவார். பலகை இல்லாவிட்டால் ஒவ்வொரு சாலையிலும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துத் திரும்பி வரவேண்டியதுதான். தலைப்பு டேக் இல்லாத இணையப்பக்கத்தில் பார்வையற்றவர் படும் பாடு அப்படிப்பட்டது. இங்கே ஒரே எடுத்துக்காட்டை வைத்து வேலை விளக்கப்படுகிறது: செம்பட்டிக்காக ஒருவர் தாமே உருவாக்கும் ஊர் வழிகாட்டித் தளம். பேருந்து, சந்தை, சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள் என்று சில பக்கங்கள்; அவ்வளவே.

கேட்டுப் படிப்பவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் சுமார் 1.27 லட்சம். இவர்களில் இணையத்தைப் பயன்படுத்தும் பலர் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் துணையுடன் பக்கங்களைக் கேட்டுப் படிக்கிறார்கள். விண்டோஸ் கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் இதைத் தொடங்கினார், அவரும் பார்வையற்றவர். இதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர் ஆகியவை கருவியோடு சேர்ந்தே வருகின்றன.

திரைவாசிப்பான் வேலை செய்யும் முறையைக் கிட்டத்தில் பார்த்தால் தலைப்பு டேக்கின் மதிப்பு விளங்கும். செம்பட்டியிலிருந்து நிலக்கோட்டைக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்று ஒருவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் தலைப்புகள் முறையாக இருந்தால் அவர் விசைப்பலகையில் எச் விசையைத் தட்டுவார். தட்டத் தட்ட அடுத்தடுத்த தலைப்புகள் மட்டும் வாசிக்கப்படும். 2 என்ற எண்ணைத் தட்டினால் எச்2 தலைப்புகளுக்கு மட்டும் தாவலாம். திண்டுக்கல் தடம், வத்தலக்குண்டு தடம், ஒட்டன்சத்திரம் தடம், நிலக்கோட்டை தடம்: நாலு தட்டில் வந்து சேர்ந்தாயிற்று. அதே பக்கத்தில் தலைப்புகளைத் தடித்த எழுத்தில் மட்டும் போட்டிருந்தால் எச் விசையைத் தட்டியதும், இந்தப் பக்கத்தில் தலைப்பு ஏதுமில்லை என்று கருவி சொல்லிவிடும். பிறகு கீழ்நோக்கு அம்புக்குறியை அழுத்தி, தளத்தின் பெயர், எட்டு மெனு வரிகள், விளம்பரம், மற்ற மூன்று ஊர்களின் நேரங்கள் அத்தனையையும் வரி வரியாகக் கேட்டுக் கடந்தால்தான் நிலக்கோட்டை வரும். கண் உள்ளவருக்கு இரண்டு பக்கமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வெப்எய்ம் என்ற அமெரிக்க நிறுவனம் திரைவாசிப்பான் பயனர்களிடம் பல ஆண்டுகளாகக் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. நீண்ட பக்கத்தில் ஒரு தகவலைத் தேட முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, 2024 தொடக்கத்தில் முடிந்த கணிப்பில் பத்தில் ஏழு பேர் சொன்ன பதில், தலைப்புகள் வழியாகத் தாவுவோம் என்பதுதான்.

சட்டமும் இதன் பக்கம் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 42-ஆவது பிரிவு தகவல் தொழில்நுட்பம் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. இணையச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்தின் தளம் உட்பட மாவட்டத் தளங்கள் தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற பொதுக் கட்டமைப்பில் இயங்குகின்றன. அந்தப் பெயரில் உள்ள மூன்று எஸ்களில் ஒன்று சுகம்யா, அதாவது எளிதில் அணுகத்தக்கது என்பதைக் குறிக்கிறது. தனியார் ஒருவர் சொந்தமாகத் தொடங்கும் தளத்துக்கு இவ்வளவு பெரிய அமைப்பு தேவையில்லை. சரியான டேக் போடப் பைசா செலவும் இல்லை.

கை வைப்பதற்கு முன்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்தைத் திருத்துவதென்றால் முதலில் மூன்று காப்பு வேலைகள்.

1. தளத்தின் கோப்புகளுக்கும் தரவுத்தளத்துக்கும் நகல் எடுத்து, சர்வருக்கு வெளியே ஓரிடத்தில் வைக்க வேண்டும். நகல் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

2. வேர்ட்பிரஸ் தளமானால் தீம் கோப்பை நேரடியாகத் திருத்தக் கூடாது. தீம் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது செய்த திருத்தம் எல்லாம் அழிந்துபோகும். சைல்டு தீம் ஒன்று உருவாக்கி, திருத்தத்தை அதில் வைக்க வேண்டும்.

3. எல்லா எச்3-களையும் ஒரேயடியாக எச்2 ஆக்கிவிடலாம் என்று தேடி-மாற்றும் வசதியைக் கோப்பு முழுவதும் ஓட்டக் கூடாது. தொடக்க டேக் மாறி முடிவு டேக் மாறாமல் விடுபடும், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். கோப்பில் எச்3-க்கு எழுதிய அலங்காரம் அறுந்துபோகும். ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு.

இன்னொன்று. தலைப்பின் எழுத்துகளைக் கொண்டு பக்கத்துக்குள் தாவும் இணைப்பை உருவாக்கும் தளங்கள் உண்டு. அப்படிப்பட்ட தளத்தில் தலைப்பை மாற்றினால் வெளியிலிருந்து அந்தப் பகுதிக்கு வரும் பழைய இணைப்புகள் இலக்கில்லாமல் நிற்கும். தலைப்பு டேக்கின் பழைய அடையாளப் பெயரை (ஐடி) அப்படியே விட்டுவிட்டுத் தலைப்பின் வாசகத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

முதலில் தாளில்

டேக் போடும் வேலை கணினியில் தொடங்குவதில்லை. ஒரு வெள்ளைத்தாளில், பக்கத்தில் என்னென்ன வரப்போகிறது என்பதைப் புத்தகத்தின் பொருளடக்கம் போல எழுதிப் பார்ப்பதே முதல் படி.

1. பக்கம் எதைப் பற்றியது என்பதை ஒரே வரியில் எழுத வேண்டும். அதுவே எச்1.

2. அதற்குக் கீழே பெரும்பிரிவுகளை மட்டும் எழுத வேண்டும். இவை எச்2.

3. ஒரு பிரிவுக்குள் தனியாகத் தேடத்தக்க பகுதிகள் இருந்தால் மட்டும் கொஞ்சம் உள்தள்ளி எழுத வேண்டும். இவை எச்3.

4. எழுதியதை மேலிருந்து கீழாக, தலைப்புகளை மட்டும், சத்தமாக வாசிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பக்கத்தைப் பார்க்காத ஒருவருக்குப் புரிகிறதா என்பதே கேள்வி.

5. புரிந்த பிறகே கணினி.

செம்பட்டித் தளத்தின் பேருந்துப் பக்கத்துக்கு இப்படி ஒரு தாள் அமையும்:

எச்1: செம்பட்டியிலிருந்து செல்லும் பேருந்துகள்
— எச்2: திண்டுக்கல் தடம்
— — எச்3: காலை நேரங்கள்
— — எச்3: மாலை, இரவு நேரங்கள்
— எச்2: வத்தலக்குண்டு தடம்
— எச்2: ஒட்டன்சத்திரம், பழனி தடம்
— எச்2: நிலக்கோட்டை தடம்

திண்டுக்கல் தடத்துக்கு நேரங்கள் அதிகம், ஆகவே அதற்கு மட்டும் எச்3. மற்றவற்றுக்குத் தேவையில்லை. எல்லாப் பிரிவும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எச்5, எச்6 வரை இறங்க வேண்டிய பக்கம் அபூர்வம். அவ்வளவு ஆழம் போகிறதென்றால் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தளத்தின் பெயரா, பக்கத்தின் பெயரா?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. தளத்தின் பெயர் எல்லாப் பக்கங்களிலும் உச்சியில் இருக்கிறது, பெரிதாகவும் இருக்கிறது. ஆகவே எச்1 அதற்குத்தானே என்று தோன்றும். தோன்றுவது இயல்பு, ஆனால் தவறு.

முகப்புப் பக்கத்தில் மட்டும் தளத்தின் பெயரே பக்கத்தின் பெயர். அங்கே 'செம்பட்டி ஊர் வழிகாட்டி' என்பது எச்1 ஆகலாம். உள்ளே உள்ள சந்தைப் பக்கத்துக்கு வந்தவர் தேடுவது சந்தையை. தளத்தின் பெயரை அல்ல. அங்கே எச்1 'செம்பட்டியைச் சுற்றியுள்ள சந்தைகள்' என்றே இருக்க வேண்டும். தளத்தின் பெயர் அதே இடத்தில், அதே அளவில், அதே நிறத்தில் இருக்கட்டும். ஆனால் முகப்புக்கு இட்டுச்செல்லும் சாதாரண இணைப்பாக, பத்தி டேக்கில் இருந்தால் போதும். அளவும் நிறமும் சி.எஸ்.எஸ். பார்த்துக்கொள்ளும் வேலை.

எல்லாப் பக்கத்திலும் தளத்தின் பெயரையே எச்1 ஆக்கினால் நேர்வது இது: திரைவாசிப்பான் பயனர் எந்தப் பக்கத்துக்குப் போய் 1 என்ற விசையைத் தட்டினாலும் 'செம்பட்டி ஊர் வழிகாட்டி' என்ற ஒரே பதில் வரும். பத்துப் பேருக்கு ஒரே பெயர் வைத்தால் கூப்பிட்டவுடன் யார் திரும்புவது?

ஒரு பக்கத்தில் இரண்டு எச்1 வந்தால் குற்றமா? இணைய அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகள் அதைத் தடை செய்யவில்லை. ஆனாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே பயனருக்கு நல்லது. எச்.டி.எம்.எல்.5 வந்த காலத்தில், ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எச்1 போட்டுக்கொள்ளலாம், படிநிலையைப் பிரவுசரே கணக்கிடும் என்று சொல்லப்பட்டது. எந்தப் பிரவுசரும் அதைச் செய்யவில்லை. 2022-இல் அந்த விதியே எச்.டி.எம்.எல். தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது. பழைய பயிற்சிப் பாடங்களில் இந்த அறிவுரை இன்னமும் இருக்கிறது. அதைப் பின்பற்றக் கூடாது.

தளத்தின் பெயருக்குக் கீழே ஒரு முழக்க வரி போடுவது வழக்கம்: 'நான்கு சாலைகள் கூடும் ஊர்' என்பது போல. இதற்கு எச்2 கொடுப்பது பரவலான தவறு. அந்த வரிக்குக் கீழே பிரிவு எதுவும் இல்லை. ஆகவே அது தலைப்பு அல்ல. பத்தி டேக்கில் போட்டு, வேண்டுமானால் முகப்பில் எச்1-ஐயும் இதையும் எச்குரூப் என்ற உறைக்குள் சேர்த்து வைக்கலாம்.

டைட்டில்: தாவலில் தெரியும் பெயர்

எச்1 பக்கத்துக்குள் இருப்பது. டைட்டில் என்ற டேக் பக்கத்தின் தலைப்பகுதியில், கண்ணுக்கு நேரடியாகத் தெரியாத இடத்தில் இருப்பது. பிரவுசரின் தாவலில் தெரிவதும், புத்தகக்குறியில் பதிவதும், கூகுள் தேடலில் நீல வரியாகப் பெரும்பாலும் வருவதும் இதுவே. பக்கம் திறந்ததும் திரைவாசிப்பான் முதலில் சொல்வதும் இதைத்தான். பக்கத்துக்குப் பெயர் இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மை நெறிகளின் அடிப்படை நிலையிலேயே உள்ள விதி.

எழுதும் வரிசை முக்கியம். பக்கத்தின் பெயர் முன்னால், தளத்தின் பெயர் பின்னால்: 'நிலக்கோட்டை பூச்சந்தை – செம்பட்டி ஊர் வழிகாட்டி'. திருப்பிப் போட்டால் பத்துத் தாவல் திறந்திருக்கும்போது பத்திலும் 'செம்பட்டி ஊர்…' என்று மட்டும் தெரியும். தமிழ் எழுத்துகள் அகலமானவை. தாவலில் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளுக்கு மேல் தெரிவது கடினம். காதால் கேட்பவருக்கும் அப்படியே: ஒவ்வொரு பக்கத்திலும் தளத்தின் பெயரைக் கேட்டு முடித்த பிறகே தேடியது வந்ததா என்று தெரியும்.

டைட்டிலும் எச்1-உம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றையொன்று முரணாகச் சொல்லாமல் இருந்தால் போதும்.

படி தாவாமல் இறங்குவது

எச்2-க்கு அடுத்து எச்3 வரலாம். எச்2-க்கு அடுத்து எச்4 வரக் கூடாது. இடையில் ஒரு படி காணாமல் போனால், கேட்பவர் எதையோ தவறவிட்டுவிட்டோம் என்று திரும்பிப் போய்த் தேடுவார். மேலே ஏறும்போது இந்தக் கவலை இல்லை: எச்4 முடிந்து அடுத்த பெரும்பிரிவு தொடங்கினால் நேராக எச்2-க்கு வரலாம்.

படி தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எச்3-இன் எழுத்து பெரிதாகத் தெரிகிறது, எச்4 அழகாக இருக்கிறது. அழகை சி.எஸ்.எஸ்.-இல் திருத்த வேண்டும். செம்பட்டித் தளத்தின் முகப்பில் 'சுற்றிப் பார்க்க' என்பது எச்2. அதற்குள் 'சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகள்', 'காந்திகிராமம்', 'காமராஜர் அணை' மூன்றும் எச்3. மூன்றும் சிறிய எழுத்தில் வேண்டுமென்றால் எழுத்தளவைக் குறைக்கலாம். எச்3 என்ற டேக் அசையக் கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு: தலைப்பு அல்லாததற்குத் தலைப்பு டேக். 'இன்று விடுமுறை' என்ற அறிவிப்பு, தொலைபேசி எண், தக்காளி விலை இவற்றைப் பெரிதாகக் காட்டுவதற்காக எச்2-க்குள் வைப்பார்கள். தலைப்புப் பட்டியலில் இவை நெல்லோடு கலந்த கல்லாகக் கிடக்கும். அழுத்தம் வேண்டுமென்றால் ஸ்ட்ராங் டேக் இருக்கிறது. இடைவெளிக்காகப் போடும் வெற்றுத் தலைப்பு இதைவிட மோசம். கருவி 'தலைப்பு' என்று சொல்லிவிட்டு மௌனமாக நிற்கும்.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய தவறுகள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி முழுதாகக் கிடைக்காது. தமிழ்த் தளங்களில் அடிக்கடி நேர்வதும் சரிசெய்வது எளிதானதும் இவைதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்பது பயன் தரும்.

எழுத்துகளுக்கு நடுவே இடம் விடுவது. ஆங்கிலத்தில் முழுத் தலைப்பையும் பெரிய எழுத்தில் போட்டு எடுப்பாக்கலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. அதற்கு மாற்றாகச் சிலர் 'செ ம் ப ட் டி' என்று ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்கிறார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கலாம். திரைவாசிப்பானுக்கு அது ஒரு சொல் அல்ல, ஐந்து தனித்தனி எழுத்துகள். எழுத்துக்கூட்டி வாசிக்கும், கேட்பவர் மனத்துக்குள் கோத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக்குள் தேடினாலும் 'செம்பட்டி' அகப்படாது. எடுப்பு வேண்டுமென்றால் எழுத்தின் தடிமனையும் அளவையும் நிறத்தையும் கூட்டலாம். தலைப்பின் வரி உயரத்தைச் சற்றுத் தாராளமாக வைப்பதும் தேவை; இல்லாவிட்டால் இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் 'ழு', 'கூ' போன்றவற்றின் கால்கள் கீழ்வரியின் எழுத்துகளில் இடிக்கும்.

படமாக்கப்பட்ட தலைப்பு. பத்திரிகை அட்டை, கல்யாணப் பத்திரிகை பாணி எழுத்து வேண்டும் என்பதற்காகத் தலைப்பைப் படமாக வரைந்து ஒட்டுவது. படத்தில் உள்ள எழுத்து கருவிக்குத் தெரியாது. போனில் பெரிதாக்கினால் மங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை என்று இலவசத் தமிழ் எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி தேவையில்லை. சின்னம் படமாகத்தான் இருக்க வேண்டும் என்றால் அதன் மாற்று உரையில் படத்தில் உள்ள அதே சொற்களை எழுத வேண்டும்.

பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருக்களில் திரையில் 'திண்டுக்கல்' என்று தெரிவது, கோப்புக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகவே இருக்கும். கருவி அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும். யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே ஏற்று அரசாணை வெளியிட்டுவிட்டது. அச்சகத்திலிருந்து வாங்கிய கோப்பை அப்படியே வெட்டி ஒட்டும்போது இன்றும் இந்தச் சிக்கல் வரும். ஒட்டுவதற்கு முன் எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும் 'ஸ்ரீ'யையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மொழியை அறிவிக்காமல் விடுவது. பக்கத்தின் முதல் டேக்கில் லாங் என்ற பண்பு உண்டு. தமிழ்ப் பக்கத்துக்கு அதன் மதிப்பாக டி, ஏ என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள் வர வேண்டும். பல தீம்களில் இது ஆங்கிலத்துக்கான குறியாகவே விடப்பட்டிருக்கும். அப்போது கருவி தமிழ்த் தலைப்பை ஆங்கிலக் குரலிடம் கொடுக்கும். அந்தக் குரல் தமிழைக் குளறும், அல்லது வாசிக்காமலே தாண்டிவிடும். அத்தனை தலைப்புகளையும் அருமையாக அமைத்துவிட்டு இந்த இரண்டெழுத்தை மறந்தால் எல்லாம் வீண். நடுவே ஓர் ஆங்கிலத் தலைப்பு வந்தால் அந்தத் தலைப்பு டேக்குக்கு மட்டும் ஆங்கிலத்தின் குறியைக் கொடுக்கலாம்.

அலங்காரக் குறிகள். தலைப்பின் இருபுறமும் மூன்று மூன்று நட்சத்திரம் போட்டால் 'நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்' என்று காதில் விழக்கூடும். அலங்காரம் சி.எஸ்.எஸ்.-இல் கோடாகவோ பின்னணியாகவோ இருக்கட்டும்.

பொதுச்சொல் தலைப்பு. 'விவரங்கள்', 'மேலும்', 'முக்கியத் தகவல்' என்பவை பக்கத்தில் பார்க்கும்போது பொருள் தரும். தலைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும்போது தராது. 'விவரங்கள்' என்பதற்குப் பதில் 'ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகும் வழி' என்றால் யாருக்கும் சந்தேகம் இராது. வாசகரைச் சீண்டும் புதிர்த் தலைப்புகள் வார இதழின் அட்டையில் எடுபடும். வழி தேடி வந்தவருக்கு அவை இடையூறு.

வேர்ட்பிரஸ், பிளாகர்

வேர்ட்பிரஸில் பதிவின் மேலே தலைப்புப் பெட்டியில் எழுதுவதைத் தீம் பெரும்பாலும் எச்1 ஆகவே காட்டும். உள்ளே 'ஹெடிங்' பிளாக் போட்டால் அது எச்2-இல் தொடங்கும். ஆகவே உள்ளே எச்1-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே வராது. எடிட்டரின் லிஸ்ட் வியூவில் உள்ள அவுட்லைன் பகுதி தலைப்புகளின் படிநிலையைக் காட்டும். வெளியிடுவதற்கு முன் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

தமிழ் வலைப்பூக்கள் ஏராளமாகப் பிளாகரில் எழுதப்பட்டவை. அதன் பழைய வார்ப்புருக்களில் வலைப்பூவின் பெயர் எச்1, தேதி எச்2, இடுகையின் தலைப்பு எச்3 என்று அமைந்திருந்தது. தேதிக்குக் கீழே இடுகை அடங்குவது போன்ற வரிசை அது. இடுகைப் பக்கத்தில் இடுகையின் தலைப்பு எச்1 ஆகவும் தேதி சாதாரண வரியாகவும் இருக்கும்படி வார்ப்புருவை மாற்றிக்கொள்வது நல்லது. எழுதும் பெட்டியில் உள்ள நான்கு வகைத் தலைப்புகளில் முதலாவது எச்1; அதைத் தவிர்த்து இரண்டாவதிலிருந்து தொடங்க வேண்டும்.

விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. அங்கே கட்டுரையின் பெயரே எச்1. உள்ளே இரண்டு சமக்குறிகளுக்கு நடுவே எழுதும் பிரிவுத் தலைப்பு எச்2, மூன்று சமக்குறி எச்3. ஒற்றைச் சமக்குறியைப் பயன்படுத்தக் கூடாது என்பது அங்கே எழுதுவோர் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று.

குறிப்பு: விரிந்து மூடும் கேள்வி-பதில் பகுதிகளில், தலைப்பு டேக்குக்குள் பொத்தான் இருக்க வேண்டும், பொத்தானுக்குள் தலைப்பு டேக்கை வைத்தால் தலைப்பு என்ற தகவல் கருவிக்குப் போய்ச் சேராது.

குறிப்பு: கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் ஒரு தலைப்பு வேண்டும் என்றால் 'டிஸ்ப்ளே நன்' என்று எழுதக் கூடாது. அது காதுக்கும் மறைத்துவிடும். ஒரு பிக்சல் அளவுக்கு வெட்டி ஒதுக்கும் சி.எஸ்.எஸ். வகுப்பு ஒன்று இதற்கென்றே புழக்கத்தில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் தீம்களில் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.

சோதனை

1. ஹெடிங்ஸ்மேப் என்ற பிரவுசர் நீட்சி, அல்லது வெப்எய்மின் வேவ் கருவி, பக்கத்தின் தலைப்புகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும். தாளில் எழுதியதும் இதுவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். தாவிய படி இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

2. என்.வி.டி.ஏ.-வை நிறுவி, பக்கத்தைத் திறந்து, இன்சர்ட்டோடு எஃப்7 விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் தலைப்புகளைத் தேர்ந்தால் முழு வரிசையும் கிடைக்கும். பிறகு பக்கத்துக்குத் திரும்பி எச் விசையால் முன்னேயும், ஷிஃப்டோடு எச் விசையால் பின்னேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

3. ஆண்ட்ராய்டு போனில் இரண்டு ஒலி விசைகளையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்தி டாக்பேக்கை இயக்கலாம். முதல் முறையானால் அமைப்புகளில் அந்தக் குறுக்குவழியை அனுமதிக்க வேண்டும். மூன்று விரலால் மேலோ கீழோ தடவித் தலைப்புகள் என்ற வாசிப்பு முறைக்கு வந்தபின், ஒரு விரலால் கீழே தடவினால் அடுத்த தலைப்பு வரும். டாக்பேக் இயங்கும்போது ஒன்றைத் திறக்க இருமுறை தட்ட வேண்டும். இது தெரியாமல் போன் பழுதாகிவிட்டது என்று பதறுவோர் உண்டு. அதே இரண்டு ஒலி விசைகளால் நிறுத்திவிடலாம்.

4. கருவிகள் படிநிலையைச் சொல்லும். தலைப்பின் பொருள் சரியா என்று சொல்லாது. அதற்கு ஆள் வேண்டும். அன்றாடம் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட தகவலைத் தேடச் சொல்லி, குறுக்கிடாமல் அருகில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். அவர் எங்கே நின்று திரும்பிப் போகிறாரோ அங்கே தலைப்பு திருந்த வேண்டும்.

5. அப்படி ஒருவர் உடனே கிடைக்காவிட்டால் மானிட்டரை அணைத்துவிட்டு, எச் விசையையும் எண் விசைகளையும் மட்டும் கொண்டு நிலக்கோட்டைக் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கண்டுபிடித்துப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் அந்தப் பக்கத்தை இன்றைக்கு வெளியிட வேண்டாம்.